எல்லாம் கைப்பேசியில் இருக்கிறது என்பவர்களுக்கு

"இந்தக் காலத்தில் கணினி மன்றமா? எதைத் தேடினாலும் யூடியூப்பில் இருக்கிறது. இல்லாவிட்டால் ஏ.ஐ.யிடம் கேட்டால் சொல்லிவிடுகிறது. வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். எதுவும் முடியாவிட்டால் கடை இருக்கிறது."

மலேசியாவின் கிள்ளான் வட்டாரத்தில், ஆலய மண்டபம் ஒன்றின் பக்கத்து அறையில், ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து மேசை போட்டு உட்கார்கிறோம். கணினியிலோ கைப்பேசியிலோ சிக்கிக்கொண்டவர்கள் வருகிறார்கள். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித் தருகிறார். அதை நடத்துகிறவர்களில் நானும் ஒருவன். அதனால் மேலே சொன்ன பேச்சு என் காதில் விழாத மாதம் இல்லை. சொல்கிறவர்கள் கெட்டவர்கள் அல்லர்: ஆலய நிர்வாகிகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், நல்ல வேலையில் இருக்கும் இளைஞர்கள். அறை கேட்டுப் போனாலும் தொண்டர் கேட்டுப் போனாலும் இதே பதில்தான். அது தவறான பதில். ஏற்கெனவே பின்தங்கி நிற்பவர்களை இன்னும் பின்னுக்குத் தள்ளுகிற பதிலும்கூட. அதனால்தான் பேசாமல் இருக்க முடியவில்லை.

எல்லாம் யூடியூப்பில் இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். நம்மில் பெரும்பாலோரின் அடையாள அட்டையான மைகார்டில் பெயர் எப்படி இருக்கிறது? சொந்தப் பெயர், பிறகு ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்), பிறகு தந்தை பெயர். நடுவில் இருக்கும் சாய்கோட்டை ஏற்காத இணையப் படிவங்கள் ஏராளம். பெயரில் எழுத்துகள் மட்டுமே இருக்கலாம் என்று சிவப்பில் ஒரு வரி வந்து நிற்கும். கோட்டை எடுத்துவிட்டால் படிவம் ஏற்றுக்கொள்ளும். பிறகு அடையாள அட்டையோடு ஒப்பிடும் கட்டத்தில் பெயர் பொருந்தவில்லை என்று திருப்பிவிடும். ஓரிடத்தில் இரண்டு எழுத்தையும் சேர்த்து எழுத வேண்டும், ஓரிடத்தில் முழுவதும் விட்டுவிட வேண்டும், இன்னோரிடத்தில் தந்தை பெயரைத் தனிக் கட்டத்தில் போட வேண்டும். கலிபோர்னியாவிலோ சென்னையிலோ உட்கார்ந்து காணொளி போடுகிறவருக்கு இப்படி ஒரு சிக்கல் உண்டு என்பதே தெரியாது. தெரிந்தவர் யாரென்றால், போன ஞாயிறு அதே படிவத்தில் மாட்டி வெளியே வந்தவர். அவர் அடுத்த நாற்காலியில் இருந்தால் ஐந்து நிமிட வேலை. இல்லாவிட்டால் விடுப்பு எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். தினச்சம்பளக்காரருக்கு அது ஒரு நாள் கூலி.

2024 ஜனவரி 2-ஆம் தேதி அரசாங்கம் குடும்பங்களின் சமூகப் பொருளாதார விவரங்களைத் திரட்டும் 'பாடு' தரவுத்தளத்தைத் தொடங்கி, மார்ச் 31-க்குள் எல்லோரும் தங்கள் விவரங்களைப் புதுப்பிக்கச் சொன்னது. மைகார்டின் இரு பக்கங்களையும் படமெடுத்து ஏற்ற வேண்டும்; பிறகு தன் முகத்தைத் தானே படமெடுக்க வேண்டும். அந்த மூன்று மாதத்தில் எங்கள் அறைக்கு ஓர் ஆன்ட்டி வந்தார். தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்டம் மூடிய பிறகு அடுக்குமாடிக்குக் குடிவந்தவர். அட்டையை எத்தனை முறை எடுத்தாலும் படம் தெளிவாக இல்லை என்றே வந்தது. முதலில் கைப்பேசியைக் குறை சொன்னார், பிறகு தன் கை நடுக்கத்தைக் குறை சொன்னார், கடைசியில் "எனக்கெல்லாம் இது ஒத்து வராது தம்பி" என்று எழுந்துவிட்டார். பக்கத்தில் இருந்த லாரி ஓட்டுநர் ஒருவர் அட்டையை வாங்கி, குழல்விளக்குக்கு நேர் கீழே இருந்த மேசையிலிருந்து சன்னல் பக்கம் கொண்டுபோய், ஒரு கறுப்புத் துணிப்பையின்மேல் வைத்தார். விளக்கு வெளிச்சம் அட்டையின் பளபளப்பில் பட்டுத் தெறித்ததுதான் கோளாறு. அடுத்த படம் ஏறியது. ஓட்டுநர் கணினி படித்தவர் இல்லை. தன் அட்டையோடு மல்லுக்கட்டி இதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார், அவ்வளவுதான். மறுவாரம் ஆன்ட்டி தன் மாடியில் இருப்பவர்களைக் கூட்டிக்கொண்டு, கறுப்புப் பையையும் கையோடு எடுத்து வந்தார். அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். நாங்கள் யாரும் எழுந்திருக்கவே தேவைப்படவில்லை.

இந்தப் பரிமாற்றத்தை எந்தக் காணொளி செய்யும்?

ஏ.ஐ. வந்துவிட்டதே என்பார்கள். நானும் பயன்படுத்துகிறேன், நல்ல கருவி. ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்கத் தெரிந்தவருக்குத்தான் அது நல்ல கருவி. சிக்கிக்கொண்டவருக்கு எதில் சிக்கினோம் என்பதன் பெயரே தெரியாது. "புலனம் செத்துப்போச்சு" என்று வாட்ஸ்அப்பைக் காட்டி ஒருவர் வருகிறார். டேட்டா தீர்ந்திருக்கலாம், கைப்பேசியின் தேதி மாறியிருக்கலாம், காலை வணக்கப் படங்களும் காணொளிகளும் சேர்ந்து நினைவகம் நிரம்பியிருக்கலாம், செயலி பழையதாகியிருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, "கடைசியா என்னங்க செஞ்சீங்க?" என்று கேட்டால் வழி பிறக்கும். அந்தக் கேள்வியைக் கேட்க எதிரில் ஒரு மனிதர் வேண்டும். அதோடு, ஏ.ஐ. சொல்லும் வழி பல நேரம் அவருடைய கைப்பேசியில் இருக்காது. நிறுவனத்துக்கு நிறுவனம், மாடலுக்கு மாடல் அமைப்புப் பட்டியல் மாறுகிறது. பட்டியலில் இல்லாத ஒன்றைத் தேடித் தேடி, தவறு தன்னுடையது என்று நம்பி ஓய்ந்துபோகிறவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன்.

பிள்ளைகள் இருக்கிறார்களே என்பது இன்னொன்று. பிள்ளை கைப்பேசியைப் பிடுங்கி, நாலு தட்டுத் தட்டி, "ஆச்சு" என்று திருப்பித் தருகிறான். அம்மாவுக்கு வேலை முடிந்தது. எப்படி முடிந்தது என்பது தெரியாது. அடுத்த மாதம் அதே இடத்தில் நிற்பார். இரண்டாவது முறை கேட்கும்போது "இதுகூடத் தெரியாதா?" என்ற சொல் விழும். அதற்குப் பிறகு அவர் கேட்பதை விட்டுவிடுவார். பிள்ளைகள் சிங்கப்பூரிலோ ஜொகூரிலோ வேலையில் இருக்கும் வீடுகளின் கதை வேறு. ஈ.பி.எஃப். சேமநிதிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பாத பெற்றோரும் உண்டு. அது அவர்கள் உரிமை. அவர்களை வீட்டுக்குள்ளேயே கேட்டுக்கொள்ளச் சொல்வது அந்த உரிமையைப் பறிப்பதாகும்.

கடையைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. கோலாலம்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவில் ஒரே கூரையின்கீழ் எல்லாம் கிடைக்கிறது. அவர்கள் விற்க உட்கார்ந்திருக்கிறார்கள், விற்கிறார்கள். ஆனால் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியபோது என்ன நடந்தது என்று யோசியுங்கள். விண்டோஸ் 11 ஏற வேண்டுமென்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலியாக இருந்தால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்தே வகுப்பு என்று பி.டி.பி.ஆர். வந்தபோது, பி40 எனப்படும் குறைந்த வருமானக் குடும்பங்கள் கடன் வாங்கி, தெரிந்தவரிடம் பழையதாக வாங்கிய மடிக்கணினிகளில் பல இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்துவிட்டன. கடைக்குப் போனால் புதியது வாங்கு என்பார்கள். இரண்டாயிரம் வெள்ளிக்கு எங்கே போவது?

அப்படி வந்த ஒரு கணினியை நாங்கள் என்ன செய்தோம் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நாலாம் படிவம் படிக்கும் ஒரு மாணவியினுடையது. இயக்கினால் முகப்பு வர ஒரு தேநீர் குடித்து முடிக்கும் நேரமாகும். முதல் வேலை, கோப்புகளை வெளி வட்டில் படியெடுப்பது. அதை முடிக்காமல் எந்தக் கணினியையும் தொடுவதில்லை என்பது எங்கள் விதி. அவளே எதெது வேண்டும் என்று பார்த்து எடுத்தாள். பிறகு ஒரு பென்டிரைவில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி, கணினியில் எதையும் மாற்றாமல் அதிலிருந்தே இயக்கிக் காட்டினோம். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா ஓடுகிறதா, பள்ளிப் பாடங்களுக்கான டெலிமா தளம் திறக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். எல்லாம் சரி என்றான பிறகுதான் பின்மூடியைக் கழற்றினோம். சுழலும் பழைய வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, அதில் மின்ட்டை நிறுவினோம். திருகாணிகளை அவள்தான் கழற்றினாள், எந்தத் திருகாணி எந்த ஓட்டையில் என்று தாளில் படம் வரைந்து அதன்மேலேயே வரிசையாக வைத்துக்கொண்டாள். தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்தோம். செலவு எஸ்.எஸ்.டி.க்கு மட்டும். இப்போது அவள் வகுப்புத் தோழிகளின் கணினிகளை அவளே பார்க்கிறாள். புதியது வாங்கியிருந்தால் அவளுக்கு ஒரு கணினி கிடைத்திருக்கும். இங்கே ஒரு கைத்தொழிலும் கிடைத்தது.

"மன்றமெல்லாம் கணினி அரிதாக இருந்த காலத்துக்குரியது" என்று வரலாற்றைக் காட்டி வாதிடுபவர்கள் உண்டு. அந்த வரலாற்றையே பார்ப்போம். 1975 மார்ச் 5 அன்று கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் கார்டன் பிரெஞ்ச் என்பவரின் வீட்டுக் கார் கொட்டகையில் ஹோம்புரூ கணினி மன்றம் கூடியது. அதற்கு இரண்டு மாதம் முன்பே, பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் இதழின் ஜனவரி அட்டையில் ஆல்டேர் 8800 வந்துவிட்டது. இதழில் கட்டுரை இருந்தது, பெட்டியோடு கையேடு இருந்தது, காசு அனுப்பினால் வீட்டுக்கு வந்தது. தகவல் பஞ்சத்தால் அவர்கள் கூடவில்லை. கையேட்டைப் படித்தும் ஓடாத கணினியை எடுத்துக்கொண்டு கூடினார்கள். கூட்டத்தை நடத்திய லீ ஃபெல்சன்ஸ்டைன் முதலில் எல்லோரையும் எழுந்து, தன்னிடம் என்ன இருக்கிறது, தனக்கு என்ன வேண்டும் என்று சொல்ல வைப்பார். பிறகு இருப்பவரும் வேண்டியவரும் தேடிப் பேசிக்கொள்வார்கள். ஸ்டீவ் வாஸ்னியாக் தன் முதல் ஆப்பிள் கணினியின் வரைபடத்தை அங்கே எல்லோருக்கும் படியெடுத்துக் கொடுத்தார். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை செய்வதும் ஃபெல்சன்ஸ்டைனின் இதே முறைதான்.

அவ்வளவு தூரம் போவானேன்? தமிழைக் கணினியில் ஏற்றிய கதையே இதுதான். 1990-களில் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீடு. ஒருவர் தட்டச்சிட்டது இன்னொருவர் கணினியில் புரியாத குறிகளாக விழும். எழுத்துருவை வட்டில் போட்டுக் கையில் கொண்டுபோய்க் கொடுத்து, நிறுவிக் காட்டி, அடுத்தவர் திரையில் தமிழ் தெரிகிறதா என்று நின்று பார்த்தவர்கள் நம் ஊரிலும் இருந்தார்கள். முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருள் இந்த நாட்டில் பிறந்தது. 1997-இல் சிங்கப்பூர், 1999-இல் சென்னை, 2001-இல் கோலாலம்பூர் என்று தமிழ் இணைய மாநாடுகள் கூடி, நேருக்கு நேர் வாதாடித்தான் விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் ஒழுங்கு வந்தது. தமிழ்நாட்டில் சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998 முதல் கூடி வருகிறது. விழுப்புரத்தில் அதே போன்ற ஒரு குழு கிராமத்துப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கற்றுக்கொடுக்கிறது. இவர்களுக்கு யூடியூப் தெரியாதா?

இனி கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸுக்கு வாருங்கள். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இயங்குவது அங்கேதான், 1951-இல் தொடங்கியது. கே.எல். சென்ட்ரலிலிருந்து துன் சம்பந்தன் சாலைப் பக்கம் நடந்தால் நடைபாதையில் மஞ்சள் வழிகாட்டிக் கற்களும், வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களும் கண்ணில் படாமல் இருக்க மாட்டார்கள். பார்வை இல்லாதவர் கணினியைத் திரைவாசிப்பான் கொண்டு இயக்குகிறார். என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பானை 2006-இல் தொடங்கிய ஆஸ்திரேலியரான மைக்கேல் கர்ரனும் பார்வையற்றவர்தான். இப்போது ஒரு சாதாரண யூடியூப் பாடத்தைப் பார்வையற்ற ஒருவரின் காதால் கேளுங்கள். "இங்கே கிளிக் பண்ணுங்க. பிறகு இந்த நீல நிறப் பட்டனை அழுத்துங்க. இப்படி வருதா? அவ்வளவுதான்." எங்கே? எது நீலம்? எப்படி வந்தது? பார்வையுள்ள தொண்டனான நான் முதலில் உதவ உட்கார்ந்தபோது என் வாயிலும் இதே சொற்கள்தான் வந்தன. பார்வையற்ற நண்பர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுப்பதைக் கேட்டபோதுதான் வேறுபாடு புரிந்தது. "எச் அழுத்துங்க, தலைப்புக்குத் தலைப்பு போகும். உள்நுழையுன்னு காதுல விழுந்தா நிறுத்துங்க. டேப் ரெண்டு தடவை. இப்ப தட்டச்சு." திரை என்ற ஒன்று இருப்பதாகவே அந்தப் பாடத்தில் பேச்சில்லை. இந்த அறிவு அதே நிலையில் இருப்பவரிடமிருந்து மட்டுமே வர முடியும். எல்லாம் இணையத்தில் இருக்கிறது என்பவர்கள், யாருக்கு இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மோசடியைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. கல்யாண அழைப்பிதழ் என்று புலனத்தில் ஓர் ஏ.பி.கே. கோப்பு வருகிறது. தட்டினால் செயலி ஒன்று ஏறுகிறது. குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கிறது. கொடுத்துவிட்டால் வங்கி அனுப்பும் டேக் என்ற ஒருமுறைக் கடவு எண் திருடன் கைக்குப் போகிறது. குறுஞ்செய்தி வழி டேக் அனுப்புவதைக் கைவிட்டுப் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி 2022 செப்டம்பரில் வங்கிகளுக்கு மத்திய வங்கியான பேங்க் நெகாரா சொன்னது இப்படிப்பட்ட திருட்டைத் தடுக்கத்தான். அதே ஆண்டு அக்டோபரில் 997 என்ற எண்ணோடு தேசிய மோசடித் தடுப்பு மையமும் வந்தது. எச்சரிக்கைச் செய்திகளுக்குக் குறைவில்லை. ஒரு நாளைக்குப் பத்துக் குழுவில் பகிரப்படுகின்றன. படித்துவிட்டுப் பகிர்ந்தவரே மறுவாரம் பணத்தை இழக்கிறார். ஏனென்றால் செய்தி அவர் கைப்பேசியில் எதையும் மாற்றவில்லை. மன்றத்தில் எல்லோரும் கைப்பேசியை மேசைமேல் வைத்து, அமைப்புகளைத் திறந்து, தெரியாத இடத்திலிருந்து செயலி நிறுவும் அனுமதி புலனத்துக்கு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அங்கேயே அணைக்கிறோம். ஒரு முறை எங்களில் ஒருவர், ஓய்வுபெற்றபின் கிடைத்த பணத்தில் பெரும்பகுதியை இழந்ததை எழுந்து நின்று சொன்னார். மனைவியைத் தவிர யாரிடமும் அதுவரை சொன்னதில்லையாம். அவர் சொன்னபிறகு இன்னும் சிலர் வாயைத் திறந்தார்கள். வெட்கத்தில் மறைத்து வைத்திருக்கும் வரை அடுத்தவர் அதே குழியில் விழுந்துகொண்டே இருப்பார். வெட்கத்தை இறக்கி வைக்கும் இடமாக ஒரு செயலி எப்படி இருக்க முடியும்?

அரசாங்க மையங்கள் இருக்கின்றனவே என்ற கேள்வி நியாயமானது. இணைய மையம், பெடி, இப்போது நாடி என்று பெயர் மாறினாலும், நாடு முழுவதும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மையங்கள் ஓடுகின்றன. போகக்கூடியவர்கள் கட்டாயம் போக வேண்டும், நாங்களே அனுப்புகிறோம். ஆனால் மையத்தில் சம்பளத்துக்கு இருக்கும் ஓரிருவர் ஒரு வட்டாரம் முழுவதற்கும் பக்கத்து வீட்டுக்காரராக முடியாது. நம் பாட்டியின் தமிழும் மலாயும் கலந்த பேச்சில் உள்ள சிக்கலை அவிழ்க்கவும், மூன்றாவது முறையாக அதையே கேட்கும்போது சலிக்காமல் இருக்கவும் நம் ஆட்கள் வேண்டும். மையத்தையும் மன்றத்தையும் எதிரெதிரே நிறுத்துவதில் பயன் இல்லை.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. படிக்காத தொண்டர்கள் கையில் மக்களின் வங்கிச் செயலியும் கடவுச்சொல்லும் போனால் ஆபத்தில்லையா? ஆபத்துதான். அதனால்தான் எங்கள் விதிகள் கடுமையானவை. சுட்டியும் கைப்பேசியும் எப்போதும் உரியவர் கையில். கடவுச்சொல் தட்டும்போது உதவுபவர் முகத்தைத் திருப்ப வேண்டும். வங்கிக் கணக்கை மன்றத்தில் திறப்பதில்லை. பயிற்சி தேவைப்பட்டால் திரையின் மாதிரிப் படத்தை வைத்துச் சொல்லிக் கொடுப்போம். யாருடைய சாதனத்தையும் வீட்டுக்கு எடுத்துப்போவதில்லை. இப்படி விதி வைத்து, நாலு பேர் பார்க்க, வெளிச்சமான அறையில் நடக்கும் உதவியைவிட, யாரோ ஒருவரிடம் கைப்பேசியை ஒப்படைத்துவிட்டு நிற்பது பாதுகாப்பானதா?

"இலவசமாகக் கொடுத்தால் சார்ந்தே இருப்பார்கள்" என்றும் சொல்கிறார்கள். எங்களிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. சிக்கல் தீர்ந்ததும், தீர்ந்தவர் தன் கைப்பட அதை எழுத வேண்டும்: என்ன ஆனது, என்ன செய்தோம். எழுதத் தெரியாதவர் சொல்ல, இன்னொருவர் எழுதுவார். அடுத்து அதே சிக்கலோடு வருகிறவரை முதலில் அவரிடம்தான் அனுப்புவோம். வாங்கிக்கொண்டு மட்டும் போனவர்கள் உண்டு; மறைக்கவில்லை. ஆனாலும் மேசையின் மறுபக்கத்துக்கு வந்தவர்களை வைத்துத்தான் மன்றம் நடக்கிறது. ஸ்ரீ முருகன் நிலையம் என்ற கல்வி அமைப்பு 1982-இல் தொடங்கியபோது பல்கலைக்கழக மாணவர்கள்தான் தம்பி தங்கைகளுக்குப் பாடம் சொன்னார்கள். படித்து மேலே போனவர்கள் திரும்பி வந்து சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் சார்ந்து நிற்கப் பழகிவிட்டார்கள் என்று நாம் ஒரு நாளும் சொன்னதில்லை.

சேர்ந்து எழுவது நமக்குப் புதிதல்ல. பிரிக்பீல்ட்ஸ் சாலைக்குப் பெயராக நிற்கும் துன் சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, கூலித் தொழிலாளர்களின் சிறு தொகைகளைச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்க வைத்தார். அவர்களிடமும் யாராவது, வங்கி இருக்கிறதே, சங்கம் எதற்கு என்று கேட்டிருக்கலாம்.

ஆலய நிர்வாகங்களுக்கும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் என் வேண்டுகோள் சிறியது. வாரத்துக்கு ஒரு காலை, ஓர் அறை, நாலு மேசை, நீளமான ஒரு மின்கம்பி, வைஃபை. காசு வேண்டாம். இளைஞர்களே, உங்களுக்குத் தெரிந்தது போதும். நிபுணராகும் வரை காத்திருக்க வேண்டாம். கிள்ளானிலோ, பூச்சோங்கிலோ, ரவாங்கிலோ, நீங்கள் இருக்கும் தாமானிலேயே தொடங்குங்கள். விதிகளை எழுதித் தருகிறோம், முதல் சில வாரங்கள் வந்து உட்காரவும் செய்கிறோம். அறை இருக்கிறதா என்பதை மட்டும் சொல்லுங்கள்.